மேனிபோல்டில் கரி: கழுவும் முன் கேட்க வேண்டிய கேள்வி

குறுவை அறுவடை முடிந்து தாளடிக்கு உழவு ஓட்டும் நேரம். மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் மைத்துனர் போன் செய்தார். "அத்தான், வண்டி இழுக்க மாட்டேங்குது. ரொட்டவேட்டரைப் போட்டா கறுப்பா புகை விடுது. மேனிபோல்டு முழுக்க கரி அடைச்சிருக்குன்னு சொல்றாங்க. என்ன பண்றது?" என்றார். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத, 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர் அது. ஏற்கெனவே ஒருமுறை ஒரு பட்டறையில் இன்ஜினை ஓடவிட்டு, காற்று போகும் குழாயில் டப்பா மருந்து அடித்துக் 'கார்பன் கிளீனிங்' செய்திருந்தார்கள். ஒன்றரை மாதத்தில் புகை திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது முறை போனபோது, "இ.ஜி.ஆர். வழியில் ஒரு தகடு வைத்து அடைத்துவிடலாம், பிறகு கரியே வராது" என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

உழவியல் படித்தவனிடம் இதைக் கேட்டால் என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தாளடி உழவு 10 நாள் தள்ளினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நடவு தள்ளும், கதிர் வருவது தள்ளும், பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அந்தத் தேதி நம் டிராக்டருக்காகக் காத்திருக்காது. இன்ஜினில் சேரும் கரி ஒரு பயிர்ப் பிரச்சினையாக மாறுவது இப்படித்தான்.

நான் குடியிருப்பது வடசென்னை எம்.கே.பி. நகரில். நம் ஊர் டிராக்டர்களில் இன்று தலைகாட்டும் இந்தத் தொல்லையை சில ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்ட பகுதி இது. பக்கத்துச் செம்பியத்தில்தான் சிம்சன் இன்ஜின் ஆலை இருக்கிறது. டாஃபே டிராக்டருக்கும் செம்பியம்தான் பழைய வீடு. எண்ணூரில் அசோக் லேலண்ட், மணலியில் சுத்திகரிப்பு ஆலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். நின்று, பத்தடி நகர்ந்து, மறுபடி நின்று, இன்ஜினை அணைக்காமலே பொழுது போகும். சுமை இல்லாமல், சூடு ஏறாமல் ஓடும் டீசல் இன்ஜினுக்குக் கரி பிடிக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. அதனால் வியாசர்பாடி, மூலக்கடை, மாதவரம் சுற்றியுள்ள பட்டறைகளில் மேனிபோல்டைக் கழற்றிக் கழுவுவது அன்றாட வேலை. மைத்துனருக்காக அப்படி ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்தேன். ஒரு நாள் என்று போனது மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது.

முதலில் உங்கள் வண்டி எது?

நீங்கள் ஓட்டுவது பழைய டிராக்டரா, புதியதா? எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி 2023 ஜனவரி 1 முதல் வந்தது. லாரிகளுக்கு பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. இந்த விதிகளுக்கு ஏற்ப வந்த இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் இ.ஜி.ஆர். என்ற ஏற்பாடு உண்டு. வெளியே போகும் புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து, உள்ளே போகும் காற்றோடு மறுபடி கலந்துவிடும் வால்வு அது. உயிர்வளி குறைந்த அந்தக் கலவை எரியும்போது உச்சச் சூடு குறைகிறது, நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் புகையோடு புகைக்கரியும் உள்ளே வருகிறது. இன்னொரு பக்கம், கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியையும் வெளியில் விடாமல் காற்றுக் குழாய்க்கே திருப்பிவிடும் இன்ஜின்கள் உண்டு. கரி தனியாக வந்தால் பொடியாக ஓடிவிடும். எண்ணெயோடு சேர்ந்தால் தார் மாதிரி ஒட்டும். மேல்மேலே ஏறி, கட்டைவிரல் போகும் வழி சுண்டுவிரல் போகும் அளவுக்குச் சுருங்கிவிடும். நான் பார்த்த ஒரு லாரி மேனிபோல்டு அப்படித்தான் இருந்தது.

உங்களிடம் இருப்பது 15, 20 வருடத்து 35 எச்.பி., 45 எச்.பி. டிராக்டர் என்றால் இந்தக் கதை உங்களுக்கு இல்லை. அதில் இ.ஜி.ஆர். கிடையாது. கிராங்க் கேஸ் ஆவி பிரீதர் குழாய் வழியாகத் தரைக்குப் போய்விடும். அந்த மேனிபோல்டைக் கழற்றிப் பார்த்தால் லேசான எண்ணெய்ப் பூச்சோடு மண் தூசிதான் இருக்கும். தூசி இருந்தால் அது கரியைவிட ஆபத்து. ஏர் கிளீனரிலிருந்து மேனிபோல்டு வரை எங்கோ ஒரு இணைப்பு விட்டிருக்கிறது, லைனரும் பிஸ்டன் வளையமும் தேய்ந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். பழைய வண்டி கறுப்புப் புகை விட்டால் நாசிலையும், பம்ப் டைமிங்கையும், ஏர் கிளீனரையும் பாருங்கள். அதற்குப் போய் மூவாயிரம், நாலாயிரம் கொடுத்துக் 'கார்பன் கிளீனிங்' செய்வது, வேரழுகலுக்கு இலைமேல் மருந்து அடிப்பது போல. செய்பவர்கள் இருக்கிறார்கள், செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள்.

கரி நோயல்ல, அடையாளம்

புதிய இன்ஜினிலும் மேனிபோல்டில் கொஞ்சம் கரி இருப்பது இயல்பு. ஒரு பூச்சு அளவுக்கு, உலர்ந்த பொடியாக இருந்தால் தொட வேண்டியதில்லை. இரண்டாயிரம் மணி நேரம்கூட ஓடாத வண்டியில் வழி அடைகிற அளவுக்குச் சேர்ந்தால், ஏன் சேர்ந்தது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் கழுவியதால்தான் மைத்துனரின் வண்டியில் ஒன்றரை மாதத்தில் புகை திரும்பியது.

பட்டறைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கரியைப் பற்றிப் பேசவே இல்லை. "சார், டர்போவுலேந்து மேனிபோல்டு வரைக்கும் இருக்கிற ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் கையை வெச்சு அடியில தடவிப் பாக்கச் சொல்லுங்க. எண்ணெய் ஈரம் எங்க இருக்கோ அங்க கிழிஞ்சிருக்கும்" என்றார். போனில் சொன்னேன். இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம், கிளிப்புக்கு ஒட்டினாற்போல ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. சும்மா ஓடும்போது அது மூடியே இருக்கும். ரொட்டவேட்டர் போட்டு சுமை ஏறினால் விரிந்து காற்று வெளியேறும். காற்று குறைகிறது, டீசல் குறைவதில்லை. அதனால் கறுப்புப் புகை. அந்தப் புகையில் ஒரு பங்கு இ.ஜி.ஆர். வழியாகத் திரும்பி வந்து மேனிபோல்டில் படிகிறது. அடைப்பு ஏற ஏறக் காற்று இன்னும் குறைகிறது, புகை இன்னும் கூடுகிறது. ஹோஸ் ஒன்று மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை.

வேறு காரணங்களும் உண்டு. டெல்டாவில் நான் அதிகம் பார்ப்பது தெர்மோஸ்டாட் கழற்றிய வண்டிகளைத்தான். அறுவடை வயலிலும் வைக்கோல் கட்டும் வேலையிலும் ரேடியேட்டர் முகத்தில் சருகும் உமித்தூளும் அப்பிக்கொள்ளும். இன்ஜின் சூடாகும். ரேடியேட்டரை ஊதிச் சுத்தம் செய்வதற்குப் பதில், "இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். அதன் பிறகு லேசான வேலையில் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வருவதே இல்லை. டீசல் முழுதாக எரியாது, எண்ணெயும் கெடும். தெர்மோஸ்டாட் என்பது குளிர் நாட்டுக்காரனுக்கு வைத்தது என்ற நம்பிக்கை நம் ஊர்ப் பட்டறைகளில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அதைப் போக்குவது, பூச்சிமருந்தை இரண்டு மடங்கு அடித்தால் இரண்டு மடங்கு பலன் என்ற நம்பிக்கையைப் போக்குவதைப் போலவே கஷ்டம்.

டீ குடிக்கப் போகும்போது வண்டியை அரை மணி நேரம் சும்மா ஓடவிடுவது இன்னொரு காரணம். டர்போ இன்ஜினைக் கனமான வேலைக்குப் பிறகு உடனே அணைக்கக் கூடாது என்பது உண்மை. அதற்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். பெரிய டிராக்டரின் பி.டி.ஓ.வில் சின்ன பம்பை மாட்டி நாள் முழுக்கத் தண்ணீர் இறைப்பதும் எண்ணூர் சாலையில் டிரெய்லர் நிற்பதைப் போன்றதுதான். சின்ன வேலைக்குச் சின்ன வண்டி போதும்.

ஏர் கிளீனர் பற்றி ஒன்று. உலர் வகை எலிமென்டை மட்கார்டில் தட்டிச் சுத்தம் செய்யாதீர்கள், மண்ணெண்ணெயில் கழுவவே கழுவாதீர்கள். குறைந்த அழுத்தக் காற்றில் உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். உள்ளே இருக்கும் சின்னப் பாதுகாப்பு எலிமென்டை ஊதக்கூடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

கழுவியே ஆக வேண்டுமென்றால்

காரணத்தைச் சரிசெய்த பிறகும், ஏற்கெனவே சேர்ந்த கரியை எடுக்க வேண்டியிருக்கும். இதில் என் கருத்து உறுதியானது. கனமாகப் படிந்திருந்தால் மேனிபோல்டைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு மருந்து அடிக்கும் முறையை வயற்காட்டில் அனுமதிக்காதீர்கள்.

காரணம் இருக்கிறது. டீசல் இன்ஜினுக்குள் காற்றோடு போகும் எரியக்கூடிய எந்தத் திரவமும் அதற்கு எரிபொருள்தான். அளவு மீறிப் போனால் இன்ஜின் தானே வேகம் பிடிக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் அது அப்போது டாங்கில் இருக்கும் டீசலில் ஓடவில்லை. நிறுத்த ஒரே வழி காற்றை அடைப்பது. அதற்குத் தட்டையான, கனமான பலகை வேண்டும், கையை வைக்கக் கூடாது. பலகை கைக்கு எட்டவில்லை என்றால் வண்டியை விட்டு விலகி ஓடுங்கள், இன்ஜின் போனால் போகட்டும். திரவம் மொத்தமாக ஒரு சிலிண்டரில் சேர்ந்துவிட்டால் அது வேறு அபாயம். திரவத்தை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். பிசின் மாதிரி ஒட்டிய கட்டி மருந்தில் பாதி ஊறிப் பெயர்ந்து வால்வுக்கு அடியில் மாட்டிக்கொள்வதும் உண்டு. லேசான படிவுக்குத் தேர்ந்த இடத்தில், அளவு பார்த்துச் செய்தால் இந்த மருந்துகள் பலன் தரும். மைத்துனரின் வண்டிக்கு அடித்தது அப்படியல்ல.

கழற்றிக் கழுவும் முறையை நான் பார்த்தபடி சொல்கிறேன். பேட்டரி மைனஸ் வயரை எடுத்துவிட்டு, காற்றுக் குழாய்களையும் சென்சார்களையும் முதலில் தனியாக வைத்தார்கள். இ.ஜி.ஆர். வால்வின் மின்பாகத்தில் திரவம் படக்கூடாது. சில இன்ஜின்களில் ஊசிக் குழாய்களைக் கழற்றாமல் மேனிபோல்டை எடுக்க முடியாது. காமன்ரெயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல், அதனால் ஓடும்போதோ நிறுத்திய உடனேயோ அதில் கை வைக்கக் கூடாது. ஒரு மண் துகள் உள்ளே போனாலும் இன்ஜெக்டர் செலவு வரும். அந்த வகை இன்ஜினை மரத்தடிப் பட்டறையில் கழற்ற வேண்டாம் என்பேன்.

மேனிபோல்டை எடுத்ததும் சிலிண்டர் தலையில் தெரியும் துளைகளில் சுத்தமான துணி அடைத்தார்கள். எத்தனை துணி அடைத்தோம் என்று பட்டறைக்காரர் சுவரில் சாக்பீஸால் எழுதினார். எனக்கு அது மிகையாகப் பட்டது. "ஒரு தடவ ஒரு துணியை உள்ளேயே விட்டுட்டோம் சார்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பழைய ஆட்கள் வார்ப்பிரும்புப் பாகங்களைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துக் கரி எடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் புதிய மேனிபோல்டைப் போட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் அலுமினியம், சில வண்டிகளில் பிளாஸ்டிக். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும், அப்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ இரவு முழுக்க ஊறவைத்து, மரக்குச்சியாலும் நைலான் பிரஷாலும் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்தால் போதும். பிளாஸ்டிக் என்றால் கம்பெனி சொன்ன திரவம் மட்டும். கம்பி பிரஷ் வேண்டாம். உதிரும் ஒரு கம்பி போதும், சிலிண்டரைக் கீற. நெருப்பில் சுட்டுக் கரி எடுப்பதை எங்காவது பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெரிய பட்டறைகளில் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் பீச்சி வால்வு வழியைச் சுத்தம் செய்கிறார்கள். உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை, கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினம். தேங்காய் ஓடு மலைமலையாகக் கிடக்கும் நாட்டில் வால்நட் தூளுக்கு ஏன் போக வேண்டும் என்று நம் வேளாண் பொறியியல் மாணவர்கள் யாராவது பார்க்கலாம்.

பூட்டும்போது கேஸ்கெட் புதிது வேண்டும். 'பழசே நல்லாத்தான் இருக்கு' என்று விட்டால் காற்று கசியும், கதை முதலிலிருந்து தொடங்கும். இ.ஜி.ஆர். கூலரையும் அப்போதே பாருங்கள். அது உள்ளே கசிந்தால் ரேடியேட்டர் தண்ணீர் காரணம் தெரியாமல் குறையும். கரிப் பொடியைக் கம்பிரசர் காற்றில் முகத்துக்கு நேரே ஊதாதீர்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. பட்டறைப் பையன்களுக்கு ஒரு முகக்கவசமும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள், கூலியில் பிடிக்காமல்.

தகடு வைத்து அடைப்பது

மைத்துனருக்குச் சொன்ன இரண்டாவது யோசனைக்கு வருகிறேன். இ.ஜி.ஆர். வழியை அடைத்தால் கரி சேர்வது குறையும், அது உண்மை. அதனால்தான் அந்த யோசனை விலைபோகிறது. ஆனால் வாரண்டி போகும். இன்ஜின் கணினி பிழை காட்டிச் சக்தியைக் குறைக்கலாம். அதை ஏமாற்ற இன்னொருவரிடம் போய் மென்பொருளை மாற்ற வேண்டும். விதிப்படி அனுமதி பெற்ற அமைப்பை மாற்றுவது சட்டத்துக்கும் புறம்பு.

இதையெல்லாம் விட, உழவியல்காரனாக எனக்கு வேறொரு கவலை உண்டு. கூட்டம் ஒன்றில் ஒரு விவசாயி கேட்டார், "நைட்ரஜன்தானே சார் கூடுது, பயிருக்கு நல்லதுதானே?" என்று. எல்லோரும் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். நைட்ரஜன் ஆக்சைடு வெயிலில் மற்ற வாயுக்களோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனாக மாறுகிறது. அது இலைத்துளை வழியே உள்ளே போய் ஒளிச்சேர்க்கையைக் குறைக்கும். கோதுமை, சோயா, பயறு வகைகள் இதற்கு மிகவும் இளகியவை, நெல்லும் தப்புவதில்லை. நோய் மாதிரிப் புள்ளி தெரியாமலேகூட விளைச்சலைக் குறைக்கும் என்பதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. வடசென்னையில் குடியிருப்பவனுக்குப் புகை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலாவது காற்று நன்றாக இருக்கட்டும்.

அதே நேரம், தகடு வைக்கும் விவசாயியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதி போட்டோம், இன்ஜின் மாறியது. அதைப் பராமரிக்கும் அறிவு கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லை. பிழை எண்ணைப் படிக்கும் கருவி டீலரிடம் மட்டும் இருக்கிறது. அறுவடை நேரத்தில் டீலரின் ஆள் வர நான்கு நாள் ஆகிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023இல் சட்டமே போட்டது: பண்ணை இயந்திரத்தைச் சரிசெய்யத் தேவையான கருவி, கையேடு, மென்பொருளை விவசாயிக்கும் வெளிப்பட்டறைக்கும் தர வேண்டும். நம் ஒன்றிய அரசும் 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தபோது, பண்ணைக் கருவிகளை அதில் ஒரு துறையாகச் சேர்த்தது. அது சட்டமாக வர வேண்டும். கையேடு தமிழில் வர வேண்டும். 'உங்கள் டீலரை அணுகவும்' என்று பக்கத்துக்குப் பக்கம் முடியும் கையேடு எந்த மொழியில் இருந்தும் பயனில்லை.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் உங்கள் கூட்டத்தில் ஒருவன் என்ற உரிமையில் சொல்கிறேன். விதை, உரம், பூச்சி என்று பேசிவிட்டு, 'இயந்திரம் வேளாண்மைப் பொறியியல் துறை பார்த்துக்கொள்ளும்' என்று நகர்ந்துவிடுகிறோம். மானியத்தில் டிராக்டர் வாங்கிக் கொடுத்த படம் பேப்பரில் வருகிறது. 500 மணி நேரம் கழித்து அந்த வண்டியை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. குறுவைக்கு முன் ஊருக்கு ஒரு நாள் போதும். ஏர் கிளீனரைத் திறப்பது, ஹோஸைத் தடவிப் பார்ப்பது, ரேடியேட்டர் ஊதுவது, புகையின் நிறம் பார்ப்பது ஆகியவற்றைச் சொல்லிக் கொடுங்கள். கறுப்பு என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம், நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, வெள்ளை என்றால் டீசல் எரியாமல் போகிறது அல்லது தண்ணீர் இறங்குகிறது. ஒரு வரப்பில் நின்று பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டும் வேண்டும். எத்தனை மணி ஓடியது, எத்தனை லிட்டர் டீசல், எந்த வேலை என்று ஓட்டுநர் எழுதினால், கரி அடைக்கத் தொடங்குவதைப் புகைக்கு முன்பே டீசல் கணக்கு சொல்லிவிடும்.

மைத்துனர் ஹோஸ் மாற்றி, மேனிபோல்டைத் தஞ்சாவூரில் கழற்றிக் கழுவி, தகடு இல்லாமல் வண்டியை எடுத்து வந்தார். எட்டு நாள் போனது. அதற்குள் பாதி நிலத்தைப் பக்கத்து ஊர் வண்டியை வாடகைக்கு எடுத்து உழுதுவிட்டார். பொங்கலுக்கு நான் போயிருந்தபோது இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி மேனிபோல்டு வாயில் விரலை விட்டுக் காட்டினார். விரலில் கறுப்பாகப் பொடி ஒட்டியது. தேய்த்தால் உதிர்ந்தது, ஒட்டவில்லை. "இது இருக்கலாம்ல அத்தான்?" என்றார். இருக்கலாம் என்றேன்.